உதைத்தது போதும், பிளக்கைக் கழற்றுங்கள்

மைசூருக்கு மருமகளாக வந்த புதிதில் எனக்குத் தெரிந்த கன்னடம் 'பேக்கு', 'பேடா' இரண்டுதான். ஒரு மழைக்காலக் காலையில் மாமனார் போர்டிகோவில் யெஸ்டியை உதைத்துக்கொண்டிருந்தார். இருபது உதை, முப்பது உதை. வேர்வை ஓடுகிறதே தவிர வண்டி 'பக்' என்றுகூடச் சொல்லவில்லை. எதிர்வீட்டு மெக்கானிக் பல் துலக்கியபடியே வந்து, "மொதலு பிளக் பிச்சி ஸ்வாமி" என்றார். இருப்பதையும் பிய்த்துப் போடச் சொல்கிறாரே என்று பதறிப்போனேன். கன்னடத்தில் 'பிச்சி' என்றால் கழற்றுங்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. கழற்றினார்கள். பிளக் பெட்ரோலில் குளித்திருந்தது.

இந்த ஊரில் இது சாதாரணக் காட்சி. யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்துதான் 1961 முதல் ஜாவாவும், பிறகு யெஸ்டியும் இந்தியா முழுக்கப் போயின. 1996இல் ஆலையை மூடினார்கள். வண்டிகள் மூடிக்கொள்ளவில்லை, இன்னும் பல வீட்டு வாசலில் நிற்கின்றன, காலையில் உதை வாங்குகின்றன. போன கோடை விடுமுறையில் கோவையிலிருந்து வந்த அண்ணன் மகன் ஒரு ரிமோட் காரைக் கொண்டுவந்தான். பேட்டரி கார் இல்லை, நைட்ரோ எரிபொருளில் ஓடுவது. இரண்டாவது நாளே, "அத்தை, கயிறை இழுக்கவே வரமாட்டேங்குது" என்று வந்து நின்றான். யெஸ்டி எஞ்சின் 248.5 சிசி, அவன் காருடையது 3 சிசிக்கும் கீழே. ஆனாலும் இரண்டும் டூ ஸ்ட்ரோக், வியாதியும் ஒன்றுதான். குடிக்க வேண்டியதைவிட அதிகம் குடித்துவிட்டு மூச்சுத் திணறுவது.

1. ஐந்தாறு உதையில் எடுக்காத வண்டியை ஏழாவதாக உதைக்காதீர்கள். ஒவ்வொரு உதைக்கும் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே அனுப்புகிறது. ஏற்கெனவே நனைந்த பிளக்குக்கு மேலும் ஒரு குளியல். வியாதியை வளர்ப்பது நம் கால்தான்.

2. பெட்ரோல் போகவில்லையா, அதிகம் போய்விட்டதா என்று மூக்காலேயே சொல்லலாம். சைலன்சர் முனையில் குனிந்து பாருங்கள். எரியாத பெட்ரோல் நெடி, கார்புரேட்டருக்கு அடியில் ஈரம், தரையில் சொட்டு: அதிகம் போயிருக்கிறது. எதுவும் இல்லாமல், பிளக்கும் காய்ந்தே இருந்தால் பெட்ரோலே போகவில்லை. அது வேறு கதை. டேப்பையும் டாங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள்.

3. நனைந்த எஞ்சினைக் காயவைக்கும் முறை இது. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள் (பழைய ஜாவா சாவி ஆணி போலத்தான் இருக்கும், அதையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போடுங்கள்). பிளக் கேப்பை இழுத்துத் தூரத் தள்ளி வைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஜாவாவிலும் யெஸ்டியிலும் கிக்கரும் கியரும் ஒரே கம்பி, புதிதாகப் பழகுகிறவர் ஏமாறுவது இங்கேதான். இப்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தபடி பத்துப் பதினைந்து முறை உதையுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் புகை மாதிரிச் சீறும். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சீறல் நின்றதும் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு ஒரு காபி சாப்பிட்டு வாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பாதி வேலை தானாக நடந்திருக்கும்.

சிலர் இந்த நேரத்தில் பிளக்கைக் கேப்பில் மாட்டி எஞ்சின் தலையில் வைத்து, பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். பெட்ரோல் ஆவி துளையில் நிற்கும்போது அதைச் செய்யவே கூடாது. பொறி பார்ப்பதென்றால் எல்லாம் காய்ந்தபின், துளையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு.

4. நனைந்த பிளக்கைக் கேஸ் அடுப்பில் சுட்டுக் காயவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. என் சமையலறையில் தடை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் வைத்தால் போதும். மழைநாளில் அதற்கும் வழியில்லை என்பதால் டூல் பாக்ஸில் துணி சுற்றிய மாற்று பிளக் ஒன்று எப்போதும் இருக்கட்டும். முனை இடைவெளி 0.6 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். திரும்ப மாட்டும்போது முதல் நாலைந்து சுற்று வெறுங்கையால். ஆரம்பத்திலேயே பானா போட்டால் அலுமினியத் தலையின் மரை போய்விடும், செலவு பெரிது.

5. பிளக்கின் நிறம் ஜாதகம் மாதிரி. டீத்தூள் நிறமோ பிஸ்கட் நிறமோ இருந்தால் எல்லாம் சரி. அடுப்புக்கரி போலக் காய்ந்த கறுப்பு என்றால் காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். எண்ணெய் பூசியது போல் பளபளத்தால் ஆயில் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, சூடு ஏறுகிறது. இந்தக் கடைசி ஒன்றுதான் பிஸ்டனைப் பிடிக்கவைப்பது, எனவே அலட்சியம் செய்யாதீர்கள்.

6. ஜிகோவ் கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், டிக்லர். அழுத்தினால் உள்ளே மிதவையை அமுக்கி, பெட்ரோலைக் கூடுதலாக நிரப்பும். அதாவது, வேண்டுமென்றே கொஞ்சம் நிறைய ஊட்டுவதற்கென்றே செக்கோஸ்லோவாக்கியாக்காரர்கள் வைத்த ஏற்பாடு. குளிர்ந்த எஞ்சினுக்கு மட்டும்தான் அது. விரலில் முதல் ஈரம் பட்டதும் விட்டுவிடுங்கள். மாமனார் மந்திரம் சொல்வது போல் எண்ணிப் பத்து முறை அழுத்துவார். எங்கள் வீட்டுப் பிளக் குளித்ததெல்லாம் அந்தப் பத்தால்தான் என்பது என் கட்சி. தேவராஜா மார்க்கெட்டில் பூ வாங்கிவிட்டு வந்து சூடாக நிற்கும் வண்டியை எடுக்கும்போது டிக்லர் பக்கமே போகக் கூடாது.

7. டேப்பைத் திறந்தபடி சைடு ஸ்டாண்டில் இரவு முழுக்க நிறுத்தினால், கார்புரேட்டர் சாய்ந்து, மிதவை தன் வேலையைச் செய்யாமல், டாங்க் பெட்ரோல் மெல்ல மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். வீட்டுத் தெரு திரும்பும்போதே டேப்பை மூடிவிட்டால், மிச்ச தூரத்தில் கார்புரேட்டரும் பாதி காலியாகிவிடும். மறுநாள் காலை முதல் மூன்று உதையில் எடுக்கும். (திறக்க மறந்து அடுத்த நாள் சர்க்கிளில் நிற்பீர்கள். நானும் நின்றிருக்கிறேன்.)

8. அடிக்கடி ஓவர்ஃப்ளோ ஆகிறதா? கார்புரேட்டர் மிதவையைச் சந்தேகப்படுங்கள். பித்தளை மிதவையை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். உள்ளே 'சலக்' என்றால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு சமையலறை வித்தை: அடுப்பிலிருந்து இறக்கி, முற்றத்துக்குக் கொண்டுபோன வெந்நீரில் மிதவையை அமுக்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து ஓட்டை வழியே குமிழி விடும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுக்க ஆவியாகிப் போகும்வரை இரண்டு நாள் வெயிலில் வைத்து, அதன் பிறகே பற்றவைக்கக் கொடுங்கள். பெட்ரோல் உள்ள மிதவையைச் சூடான ஈயப்பற்றுக்கோலால் தொட்டால் வெடிக்கும். பற்றவைக்கும் ஈயமும் ஒரு சொட்டுதான். கனம் கூடினால் மிதவை தாழ்ந்து மிதக்கும், மறுபடி ஓவர்ஃப்ளோ.

மிதவை நன்றாக இருந்தும் வழிந்தால் ஊசியும் அது உட்காரும் இருக்கையும் தேய்ந்திருக்கும், அல்லது டாங்கின் துருத்தூள் நடுவில் மாட்டியிருக்கும். கார்புரேட்டரைத் துடைத்துவிட்டு டாங்கை விட்டால் அடுத்த வாரமே திரும்ப வரும்.

9. இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1970களின் ரப்பர் வளையங்களும் டேப் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பும், அல்லது கொழகொழக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை விட்டு விட்டுப் பெய்யும் ஊரில், மாதக்கணக்கில் பாதி டாங்கோடு நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டாத மாதங்களில் கார்புரேட்டரைக் காலி செய்து வையுங்கள். வாஷர்களை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

10. பெட்ரோலில் 2டி ஆயில் ஊற்ற மருந்து பாட்டிலோடு வரும் அளவுக் கிண்ணம் சரியான கருவி. இன்றைய நல்ல ஆயிலுக்கு லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி. ஐந்து லிட்டருக்கு 35 மில்லி கணக்கில் 175. 'எஞ்சினுக்கு நல்லதுதானே' என்று கையை நீட்டினால் பிளக் எண்ணெயில் ஊறும், இரட்டைச் சைலன்சரும் கரி பிடிக்கும். புகை போக வழியில்லாத எஞ்சினும் திணறவே செய்யும், நீங்கள் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கிண்ணத்தில் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு டூல் பாக்ஸிலேயே வைத்துவிடுங்கள். மருந்துப் பெட்டிக்குத் திரும்பக் கூடாது.

11. மைசூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரம். சென்னையைவிட இங்கே காற்று சுமார் 7 சதவீதம் மெலிது. சென்னையில் கச்சிதமாக வைத்த கார்புரேட்டர் இங்கே கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக ஊட்டுகிறது என்று அர்த்தம். ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. காலையில் எடுக்கும்போதுதான் தெரியும். பந்திப்பூர், மசினகுடி வழியாகக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஊட்டிக்கு ஏறினால் கதை முற்றும்: 2,240 மீட்டரில் காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வண்டி திக்கும், கரும்புகை விடும், பிளக் கறுக்கும். பயப்பட வேண்டாம். கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கி, பெட்ரோல் குறையும். இறங்கி வந்ததும் பழைய இடத்துக்கே கிளிப்பை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் சூடேறிப் பிடிக்கும். ஊட்டியில் ஏறும்போது ஞாபகம் வைத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் இறங்கும்போது மறக்கிறார்கள்.

12. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் எப்போதும் சோக் போட்டபடி ஓட்டுவதற்குச் சமம். வேறெதையும் தொடுவதற்கு முன் அதைத் தட்டிப் பாருங்கள்.

13. பெட்ரோல் அதிகமில்லை, பொறிதான் பலவீனம் என்ற நிலையிலும் பிளக் நனையும். கான்டாக்ட் பாயின்ட் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாக ஒரு இழு, பிறகு சுத்தமான காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துத் தூசியை எடுங்கள். திறப்பு 0.4 மில்லிமீட்டர். பாதி வீடுகளில் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிய பிறகுதான் யாராவது பாயின்ட்டைப் பார்ப்பார்கள்.

14. டேப் மூடியிருந்தும் பிளக் எண்ணெயாக நனைகிறது, வெள்ளைப் புகை தெருவை மறைக்கிறது, கியர் ஆயில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்றால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது. எஞ்சின் கியர்பாக்ஸ் ஆயிலைக் குடிக்கிறது. இதற்குக் கைவைத்தியம் கிடையாது. பிரித்தே ஆக வேண்டும்.

15. இனி நைட்ரோ கார். இழுகயிறு பாதியில் கல் மாதிரி நின்றுவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். சிலிண்டருக்குள் எரிபொருள் நிரம்பியிருக்கிறது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. இன்னும் இழுத்தால் கயிறு அறும், அறாவிட்டால் உள்ளே கனெக்டிங் ராடு வளையும். யெஸ்டி முப்பது உதை தாங்கும். இந்தச் சின்னது மூன்று இழுப்புக்கூடத் தாங்காது.

16. ஓடிப் பழகிய எஞ்சினா, புது எஞ்சினா என்று மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். புது நைட்ரோ எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சிலிண்டர் இறுக்கிப் பிடிக்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கிளோ பிளக்கைக் கழற்றிய பிறகும் உச்சியில் மட்டும் மாட்டினால் அது நனைதல் அல்ல, இறுக்கம். ஃபிளைவீலை எதிர்ப்பக்கமாகக் கையால் திருப்பி விடுவியுங்கள்.

17. நனைந்த நைட்ரோவுக்கு வைத்தியம், யெஸ்டிக்குச் சொன்னதன் தம்பி. பிளக்கைச் சூடேற்றும் இக்னைட்டரை எடுத்துவிடுங்கள். எரிபொருள் குழாயைக் கிள்ளியோ கிளிப் போட்டோ அடையுங்கள். கிளோ பிளக்கைக் கழற்றுங்கள். அதன் செப்பு வாஷர் தரையில் உருண்டால் எறும்புக்குத்தான் கிடைக்கும், ஒரு தட்டை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். காரைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிளக் துளைமேல் பழந்துணியை மூடி, கயிற்றை மெதுவாக ஏழெட்டு முறை இழுங்கள். துணி நனைவது நின்றதும் நிமிர்த்துங்கள். கண்ணில் தெறிக்கும் என்பதால் கண்ணாடி போடாமல் இதைச் செய்யக் கூடாது. என் மருமகன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு செய்தான், போட்டோவும் எடுத்துக்கொண்டான்.

18. மாட்டுவதற்கு முன் பிளக்கை இக்னைட்டரில் செருகிப் பாருங்கள், துளையிலிருந்தும் எரிபொருள் பாட்டிலிலிருந்தும் தள்ளி நின்று. சுருள் பளிச்சென்று ஆரஞ்சாக ஒளிர வேண்டும். மங்கலாக இருந்தால் இக்னைட்டருக்குச் சார்ஜ் இல்லை. அவன் கார் நனைந்ததற்குக் காரணமே அதுதான்: பிளக் சூடாகவில்லை, எஞ்சின் எடுக்கவில்லை, இவன் இழுத்துக்கொண்டே இருந்தான், ஒவ்வொரு இழுப்புக்கும் எரிபொருள் ஏறியது. நைட்ரோவில் பொறி என்பதே கிடையாது. அந்தச் சுருளின் சூடுதான் எல்லாம்.

19. சைலன்சர் முனையை விரலால் மூடி இழுப்பது எரிபொருளைக் கார்புரேட்டருக்கு ஏற்றும் வழி. குழாயில் திரவம் நகர்ந்து கார்புரேட்டரைத் தொட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும். 'இன்னும் ஒருதடவை' என்பதுதான் இங்கே டிக்லர். ஊசித் திருகாணிகளைக் கைபோன போக்கில் திருகாதீர்கள். வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும், ஒருமுறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். எத்தனை சுற்றில் இருந்தது என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

20. ஓட்டி முடித்ததும் டாங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, பிளக் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஃபிளைவீலைச் சுழற்றி வையுங்கள். டாங்கில் எரிபொருளோடு அலமாரியில் சாய்த்து வைத்தால் மறுநாள் எஞ்சின் நிரம்பியிருக்கும். நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும், பேரிங்கைத் துருவாக்கும். பாட்டில் மூடியை இறுக்குங்கள்.

21. மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது. சூடு மட்டும் தெரியும். லேஅவுட்டில் வீடு எழும்பாத காலி மனையில் ஓட்டும்போது ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், மெத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும். யெஸ்டியின் பெட்ரோல் தீக்கு அதே தண்ணீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும். அதற்கு மணல், அல்லது நனைத்த கோணிச் சாக்கு. இரண்டு வண்டியும் உள்ள வீட்டில் இரண்டும் வேண்டும்.

22. எரிபொருளை வாயால் உறிஞ்சி மாற்றாதீர்கள். பெட்ரோலுக்கே ஆகாது, நைட்ரோவுக்கு அறவே கூடாது. மெத்தனால் இரண்டு ஸ்பூன் அளவே கண்பார்வையைப் பறிக்கக் கூடியது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது, மணிக்கணக்கில் தாமதித்துத்தான் காட்டும். யாராவது விழுங்கிவிட்டால் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எரிபொருளுக்குச் சாயம் வேறு போட்டு விற்கிறார்கள். எங்களிடம் வந்தது அச்சு அசல் ரோஸ் மில்க் எசன்ஸ் நிறம். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். நான் அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்காகக் கன்னடத்தில் 'விஷ' என்றும், மருமகனுக்காகத் தமிழில் 'விஷம்' என்றும் எழுதி, பூட்டிய ஷெட்டில் வைத்தேன். அந்த அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, தமிழில் மட்டும் ஏன் ஒரு எழுத்து அதிகம் என்று கேட்டார்.